கிட்டத்துப் படம்

முதலில் அது ஒரு கறுப்புக் கட்டம், அவ்வளவுதான். வீட்டில் எல்லாருக்கும் பொதுவான ஆல்பத்தின் உச்சியில், தங்கை வாண்டு பல் விழுந்த ஓட்டை வாயைக் காட்டிச் சிரிக்கும் படத்துக்கும் மேலே, மத்தியானம் வரை இல்லாத ஒரு கறுப்புக் கட்டம். பைக்குள் கிடந்த போன் தானாக அமுங்கி எடுத்த படம் போல இருந்தது. மூத்தவள் அதை அழிக்கத்தான் போனாள். அழிப்பதற்கு முன்னால் யாருடைய போனிலிருந்து வந்தது என்று பார்த்தாள், யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டுமே. விவரத்தைத் தட்டியதும் இன்றைய தேதி வந்தது. அதற்குக் கீழே, எடுத்த போன் என்ற இடத்தில், 'அம்மா' என்று இருந்தது.

அவள் சோபாவில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சமையலறையில் ஃபிரிட்ஜ் ஒருமுறை உடம்பை உதறிக்கொண்டு ஓய்ந்தது, குளியலறையில் சரியாக மூடாத குழாயிலிருந்து பாதி நிறைந்த வாளிக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, உள்ளறையில் வாண்டு தனக்குத்தானே ஏதோ பாடிக்கொண்டு கிரேயான்களைத் தரையில் உருட்டிக்கொண்டிருந்தாள், ஜன்னலுக்கு வெளியே மழைக்கு முந்திய இருட்டு தெருவைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தது. எல்லாம் எப்போதும்போலத்தான் இருந்தது. திரையில் இருந்த அந்த ஒரு சொல்லைத் தவிர.

அம்மாவும் அம்மாவின் போனும் காணாமல் போய் ஒரு மாதம் ஆகப் போகிறது.

அம்மாவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. பழுதான கட்டடங்களுக்கு நேரில் போய்ப் படம் எடுத்து, சேதம் எவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். விரிசல் விட்ட சுவர், கருகிய கூரை, ஈரம் ஏறிப் பொருக்குப் பொருக்காக உதிரும் தூண், எதுவானாலும் அம்மாவுக்கு மூன்று படம். இடம் தெரிவதற்குத் தூரத்திலிருந்து ஒன்று. எந்தச் சுவர் என்று தெரிவதற்கு நடுவிலிருந்து ஒன்று. விரிசல் தெரிவதற்குக் கிட்டத்தில் ஒன்று. கிட்டத்துப் படத்தில் மட்டும் அளவு புரிவதற்காகப் பக்கத்தில் பேனாவை வைத்து எடுப்பாள். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பிறந்தநாள் கேக்கைக்கூட மூன்று படமாகத்தான் எடுப்பாள். கேக்குக்கும் கிளெய்ம் போடப் போறியா என்று அப்பா கேலி செய்தால், உங்க சமையலுக்குத்தான் போடணும், அது மொத்தமும் சேதம் என்பாள்.

கடைசியாக அவள் போனது ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு பழைய கட்டடத்தின் பேஸ்மென்டுக்கு. உள்ளே படம் எடுத்துக்கொண்டிருந்தபோது தடுப்புச் சுவர் உடைந்து மண்ணும் தண்ணீரும் ஒன்றாக இறங்கின. பம்பு வைத்து இறைத்தார்கள். தோண்டினார்கள். ஹெல்மெட் கிடைத்தது, பை கிடைத்தது. அம்மா கிடைக்கவில்லை. இப்போது பக்கத்துக் கட்டடமும் சாயத் தொடங்கிவிட்டது. மழை பிடிப்பதற்குள் அந்தப் பள்ளத்தைக் கான்கிரீட் ஊற்றி மூடுவது என்று முடிவு செய்துவிட்டார்கள். அப்பா காலையிலிருந்து அங்கேதான் நிற்கிறார். கலவை லாரிகள் வந்து வரிசையாக நிற்கின்றன. ஒரு நாள் பொறுங்கள், ஒரே ஒரு நாள் என்று அப்பா ஒவ்வொருவர் காலையும் பிடிக்காத குறையாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்.

கறுப்புக் கட்டத்தைத் திறந்து வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாள். இருட்டு மெல்லச் சாம்பலானது. சாம்பலுக்குள் ஒரு சுவர் தெரிந்தது. அதன் மேல் மாலை மாலையாக ஈரம் வழிந்திருந்தது.

அவள் அப்பாவைக் கூப்பிட்டாள். பின்னால் லாரிகளின் உருளைகள் சுற்றும் சத்தத்தில் அப்பாவுக்கு விஷயத்தைப் புரியவைப்பதே பெரும்பாடாக இருந்தது. புரிந்ததும் அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ பேசினார். பிறகு திரும்பி வந்தார். வெறும் சுவர் போதாதாம், போன் யார் கையிலாவது கிடைத்து அவர்கள் எடுத்ததாகக்கூட இருக்கலாம் என்று எஞ்சினியர் சொல்கிறாராம். லாரியில் இருக்கும் கலவையைக் காக்க வைக்க முடியாது, உள்ளேயே இறுகிவிடுமாம்.

"அம்மா மொகம் தெரியற மாதிரி ஒண்ணு வந்தா போதும்மா," என்றார் அப்பா. "உசிரோட இருக்கான்னு தெரிஞ்சா லாரியத் திருப்பி அனுப்பிடுவாங்க. எப்படியாச்சும் அடுத்த படத்த வர வை."

ஆனால் அடுத்த படம் வரவில்லை. ஆல்பத்தின் மேலே ஒரு மஞ்சள் பட்டைதான் வந்தது. இடம் நிரம்பிவிட்டது, மேலும் படங்கள் காத்திருக்கின்றன என்றது.

இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் வீட்டுக்கு மாமாதான். அம்மாவின் தம்பி, செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். ஆளுக்கு ஒரு கணக்கு, ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு, அப்புறம் ஆளுக்கு ஒரு மறதி, அதெல்லாம் நமக்கு ஆகாது என்று சொல்லி, வீட்டில் இருந்த எல்லாப் போனையும் ஒரே கணக்கில் கோத்து வைத்தவர் அவர்தான். அவள் விஷயத்தைச் சொன்னாள். மாமாவுக்குப் பின்னால் கடையில் யாரோ பேரம் பேசுவது கேட்டது. பிறகு, போன் தண்ணீரில் கிடந்து தேதி மாறியிருக்கும், அதை நம்பி மனசை விட்டுவிடாதே என்றார்.

"பேட்டரி செத்தா தேதி பின்னாடிதானே போகும் மாமா. இன்னிக்குத் தேதி எப்படி வரும்?"

"வராது," என்றார் மாமா. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது போல, குரல் சட்டென்று கடைக்காரக் குரலாக மாறியது. "சரி. இப்ப தடையா இருக்கறது எடம்தான். எதையாச்சும் தூக்கு. தூக்கினத அப்படியே வுட்டுடாத, குப்பைத்தொட்டியையும் காலி பண்ணு. அதுல கெடக்கறதும் எடத்த அடைக்கும். உன் ரூம் மாதிரி வெச்சிருக்காத."

காசு கட்டிக் கூடுதல் இடம் வாங்கிவிடலாமே என்று கேட்டாள். அதற்கான ஓடிபி அம்மாவின் நம்பருக்குத்தான் வரும், யார் கையிலாவது கிடைத்துவிடப் போகிறது என்று அந்த சிம்மை உங்கப்பா போன வாரமே நிறுத்திட்டாரே என்றார் மாமா. கடையை அடைத்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார்.

அவள் தன்னுடையதிலிருந்து தொடங்கினாள். தோழிகளோடு ஆடிய வீடியோக்கள், பள்ளி விழா, கண்ணாடி முன்னால் எடுத்துக்கொண்ட நூறு முகங்கள். எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தாள். குப்பைத்தொட்டியைத் திறந்து அங்கேயும் அழித்தாள். நிரந்தரமாக நீக்கவா, இனி மீட்க முடியாது என்று கேட்டது. ஆமாம். மஞ்சள் பட்டை மறைந்தது. ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அதையே பார்த்தாள்.

இரண்டு படங்கள் வந்தன. முதலாவதில் அதே ஈரச் சுவர், இப்போது நடுவிலிருந்து எடுத்தது. அடுத்தது கிட்டத்தில். சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். தூரம், நடு, கிட்டம். உலகத்தில் வேறு யார் இப்படி எடுப்பார்கள். விரிசலுக்குப் பக்கத்தில், அளவுக்காக, பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விரல் இருந்தது. நெடுநேரம் தண்ணீரில் ஊறிய விரல். வெளுத்து, சுருங்கி, நகத்துக்குள் கறுப்பு ஏறி. கணுவின் மேல் சூடு பட்ட பழைய தழும்பு. அம்மாவின் தழும்பு. விரல் கொஞ்சம் நீளமாகத் தெரிந்தது. லென்ஸ் அப்படிக் காட்டுகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அப்பாவிடம் சொன்னாள். விரல் போதாதாம். முகம் வேண்டுமாம்.

மஞ்சள் பட்டை மறுபடி வந்திருந்தது.

அவளுக்கு நம்ப முடியவில்லை. அவ்வளவு வீடியோவை அழித்த இடத்தை இரண்டே படங்கள் எப்படித் தின்றன? இருட்டைத் தவிர ஒன்றும் இல்லாத படத்துக்கு இவ்வளவு எடையா? யோசிக்க நேரமில்லை. அடுத்தது அம்மாவின் வேலைப் படங்கள். வருடக் கணக்கில் எடுத்த விரிசல்கள், கறைகள், இடிந்த மூலைகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு மூடி போட்ட அந்தப் பேனா. எல்லாம் போயின. வட்டம் சுற்றியது.

ஒரு தெரு. தெருவிளக்கு. மழைக்கு முந்திய இருட்டு.

வேறு ஏதோ தெரு என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு தெருமுனையில் மூடிக் கிடக்கும் சலூனின் வட்டப் பலகையைப் பார்த்தாள். அவள் தினமும் தாண்டிப் போகும் பலகை. அம்மா பள்ளத்தில் இல்லை. அம்மா எப்படியோ வெளியே வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறாள். ஜன்னலுக்கு ஓடினாள். கீழே தெருவில் ஒரு நாயும் இல்லை. மழையின் முதல் துளிகள் தெருவிளக்கின் வெளிச்சத்தில் கோடு கோடாக விழுந்தன. மஞ்சள் பட்டை.

இப்போது அழிப்பதற்கு மிச்சம் இருந்தது குடும்பப் படங்கள்தான். அம்மா இருக்கும் படங்கள். கை தயங்கியது. ஆனால் அப்பாவின் போனிலும் இவையெல்லாம் இருக்கின்றன, எத்தனையோ முறை அவர் எடுத்துக் காட்டிப் பார்த்திருக்கிறாள். அம்மாவே வந்துவிட்டால் அப்புறம் படம் எதற்கு? வாண்டுவைக் குளிப்பாட்டும் அம்மா. சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கும் அம்மா. புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு நல்லாருக்கா என்று முகத்தைச் சாய்க்கும் அம்மா. அவள் பார்க்காமல் அழுத்தினாள். பார்த்தால் அழுத்த முடியாது. இனி மீட்க முடியாது என்றது. ஆமாம். ஆமாம். ஆமாம்.

அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் வாசல், தபால் பெட்டிகளோடு. பிறகு, கிட்டத்தில், அவர்கள் வீட்டுக் கதவு. வாண்டு ஒட்டி, பாதி கிழிந்து தொங்கும் டைனோசர் ஸ்டிக்கர். அதன் பக்கத்தில், அளவுக்காக, அந்த விரல்.

அவள் போனை எறிந்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

யாரும் இல்லை. ஆனால் படிக்கட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாராவது நடந்தால் மட்டுமே எரியும் விளக்கு அது. அவர்கள் இருந்த மூன்றாம் மாடியில் வேறு வீடு கிடையாது. ஈரச் சிமெண்ட் வாசனை மூக்கில் அடித்தது, அதற்கு அடியில் நாள்பட்டு மூடிவைத்த பாத்திரத்தைத் திறந்தது போல இன்னொரு வாசனை. அம்மா என்று கூப்பிட்டாள். குரல் கீழ் மாடிகளுக்கெல்லாம் போய் வெறுமனே திரும்பி வந்தது. நாலு படி இறங்கி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தாள். கீழே ஒவ்வொரு மாடியும் இருட்டாக இருந்தது. அவள் நின்ற இடத்தில் மட்டும் வெளிச்சம். கீழேயிருந்து யாரும் வரவில்லை என்றால், யாரோ ஏற்கெனவே மேலே வந்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்.

அவள் திரும்பினாள். வீட்டுக் கதவை அகலத் திறந்து போட்டுவிட்டு வந்திருந்தாள்.

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். கூடத்தில் எதுவும் மாறவில்லை. குழாய் சொட்டும் சத்தம் மட்டும் நின்றிருந்தது. வாண்டுவின் பாட்டும்.

போன் சோபாவுக்கு அடியில் கிடந்து அதிர்ந்தது. மாமா. மூச்சு வாங்கப் பேசினார், வண்டியில் வந்துகொண்டே பேசுகிறார் போலிருந்தது.

"நீ ஒண்ணும் பயப்படாத. ஒண்ணு மட்டும் பாத்துச் சொல்லு. அக்கா போன்ல சிம் செத்துப் போச்சு. சிம் இல்லன்னா வைஃபை இல்லாம ஒரு படம்கூட ஏறாது. அந்தப் போனுக்கு ஆபீஸ் வைஃபையும் உங்க வீட்டு வைஃபையும் மட்டும்தான் தெரியும். ஆபீஸ்ல விசாரிச்சேன். ரெண்டு நாளா அங்க கரெண்டே இல்லையாம்."

அவளுக்குப் புரிந்தது. புரியக் கூடாது என்று நினைத்தாள்.

"ரூட்டர் ஆப்பத் தொறந்து பாரும்மா. வீட்டுல எந்தெந்தப் போன் இருக்குன்னு காட்டும்."

திறந்தாள். டிவி. அவளுடைய போன். வாண்டு விளையாடும் டேப்லெட். அதற்குக் கீழே ஒன்று.

அம்மா. இணைப்பில் உள்ளது. சிக்னல் மிக வலிமை.

"இருக்கு மாமா," என்றாள். அவளுடைய குரலே அவளுக்கு வேறு யாரோ பேசுவது போலக் கேட்டது.

"வாண்டுவத் தூக்கிட்டு வெளிய வா," என்றார் மாமா. "செருப்புகூடப் போடாத. இப்பவே."

உள்ளறைக் கதவு மூடியிருந்தது. அது எப்போதும் மூடாது. மழைக்காலத்தில் மரம் ஊதிப்போய்ச் சட்டத்தில் இடிக்கும், பெரியவர்கள் இடித்துத் தள்ளினால்தான் மூடும். அவள் கைப்பிடியைத் திருகினாள். திரும்பியது. தள்ளினாள். நகரவில்லை. பின்னால் மணல் மூட்டை அடுக்கி வைத்தது போல அப்படியே நின்றது.

"வாண்டு."

உள்ளே ஒரு சிரிப்பு. வாண்டுவின் சிரிப்புதான். கிச்சுக்கிச்சு மூட்டும்போது சிரிப்பது போல. பிறகு தாழ்ந்த குரலில், அவளிடம் அல்ல, வேறு யாரிடமோ கேட்டாள்.

"சிரிக்கட்டுமாம்மா?"

கதவுக்கு அடியில் ஒரு வெள்ளை வெளிச்சம் பளிச்சிட்டு அணைந்தது.

அவள் தோளால் இடித்தாள். காலால் உதைத்தாள். கையில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. உள்ளறை, பீரோவுக்கு மேலேயிருந்து எடுத்தது போல, தூரத்தில். தரையில் வாண்டு. அடுத்தது நடுவிலிருந்து. வாண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, கையை மடியில் வைத்து, சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளையாக மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வரவில்லை. மஞ்சள் பட்டை. இடம் நிரம்பிவிட்டது.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேறு வழியே இல்லை. ஆல்பத்தில் மிச்சம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு வீடியோ. காற்றில் திருப்பிக்கொண்ட குடையோடு அம்மா நடுத்தெருவில் சண்டை போட்டு, குடையைச் சனியனே என்று திட்டி, தன்னைப் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டு வெடித்துச் சிரிக்கும் வீடியோ. அம்மாவின் குரல் இருந்த ஒரே வீடியோ. வேண்டுமென்றேதான் அதைக் கடைசிவரை விட்டு வைத்திருந்தாள்.

ஆமாம்.

வட்டம் சுற்றியது. நின்றது. சுற்றியது.

கிட்டத்துப் படம் முன்பக்கக் கேமராவில் எடுத்தது. எடுத்தவரின் முகமும் அதில் இருந்தது.

தன் முகத்தை வாண்டுவின் கன்னத்தோடு ஒட்டி வைத்திருந்தது அது. வாண்டு கண்ணை இடுக்கிச் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் படத்தில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டிருந்தது. சாம்பல் நிறம். நெற்றியில் தொடங்கிய ஒரு விரிசல் மூக்கை ஒட்டி இறங்கி உதட்டைப் பிளந்து தாடை வரை போனது, விளிம்பெல்லாம் பொருக்கு. கண்கள் இருந்தன. இரண்டும் வேறு வேறு பக்கம் பார்த்தன. சிரிப்பதற்காக வாய் திறந்திருந்தது. உள்ளே ஈர மண்.

மாமாவின் அழைப்பு எப்போது அறுந்தது என்று தெரியவில்லை. இப்போது திரையில் அப்பா.

"மொகம் வந்துதாம்மா?" பின்னால் உருளைகளின் இரைச்சல், யாரோ அவசரப்படுத்தும் குரல்கள். "எனக்கு இங்க நெட்டு விட்டு விட்டுத்தான் வருது, புதுப் படம் எதுவும் தொறக்கல. உங்கம்மா படத்த எஞ்சினியருக்குக் காட்டலாம்னு பாத்தா என் போன்ல ஒண்ணுகூட இல்ல, எல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. நீதான் சொல்லணும். வந்துதா?"

எல்லாப் போனும் ஒரே கணக்கு. ஒரு இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் போகும். மாமா கோத்து வைத்தது அப்படித்தான். இது அவளுக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் தோன்றவில்லை.

"வந்துச்சு," என்றாள்.

"அம்மாதானே?"

அவள் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு படம் வேண்டும். ஒரே ஒரு படம். முகங்களைப் பார்த்துப் போனே பிரித்து வைக்கும் ஆல்பங்களில் 'அம்மா' என்று பெயர் போட்டதைத் திறந்தாள். அதில் ஒரு முகம்தான் இருந்தது. இந்த முகம். கண்ணை இறுக மூடிக்கொண்டு அம்மாவை நினைத்துப் பார்த்தாள். மூக்கு எப்படி இருக்கும். சிரித்தால் எந்தக் கன்னம் முதலில் மடியும். எதுவும் வரவில்லை. மூடிய கண்ணுக்குள்ளும் அந்த விரிசல்தான் மேலிருந்து கீழே இறங்கியது.

இதை அம்மா என்று சொல்ல முடியாது. சொன்னால் இது இங்கேயே இருக்கும். இல்லை என்று சொன்னால் போய்விடும். அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. சின்னப் பிள்ளை போல அப்படித்தான் தோன்றியது.

"இல்லப்பா. அது அம்மா இல்ல. வீட்டுக்கு வாங்க. சீக்கிரம் வாங்கப்பா."

அப்பா ஒரு நீண்ட மூச்சு விட்டார். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சு. சரிம்மா, வரேன் என்றார். பிறகு போனிலிருந்து வாயை எடுத்து, தளர்ந்த குரலில், யாரிடமோ சொன்னார்.

"ஊத்துங்க."

இரைச்சல் கூடியது. அதே நேரத்தில் ஆல்பத்தில் ஒரு புதுப் படம் வந்தது.

இருட்டான ஆழத்திலிருந்து மேலே பார்த்து எடுத்த படம். உச்சியில் கோணலாக ஒரு திறப்பு. அதைச் சுற்றிலும் பளீரென்று விளக்குகள், மழை. விளிம்பில் ஒரு ஆள், ஒரு கையைத் தலையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் போனைக் காதில் பிடித்தபடி.

அப்பாவின் சட்டை. காலையில் அவள்தான் தேய்த்துக் கொடுத்தாள்.

"அப்பா, நிறுத்தச் சொல்லுங்க. அம்மாதான். அம்மா உள்ளதான் இருக்கா. அப்பா."

"என்னம்மா? சத்தத்துல ஒண்ணும் கேக்கல. ஊத்தியாச்சும்மா. நான் வரேன்."

நடுவிலிருந்து ஒன்று. திறப்பில் நீட்டிய அகலமான தகரக் குழாயின் வாய். அதிலிருந்து கீழ்நோக்கிக் கிளம்பிவிட்ட சாம்பல் நிறத் திரள்.

பிறகு ஒன்று. சாம்பல் மட்டும். வேறு எதுவும் இல்லை.

"அக்கா."

வாண்டு. கதவுக்குப் பின்னால். இப்போது சிரிப்பு இல்லை.

"அக்கா, அம்மாவுக்கு மூச்சு முட்டுதாம்."

அவள் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். தள்ளினாள். கைப்பிடி பிடுங்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது.

"வாண்டு, ஜன்னல் பக்கம் போ. ஜன்னல்மேல ஏறு. வாண்டு."

"அக்கா, எனக்கும்."

பிறகு இருமல். ஒரு இருமல். இன்னொன்று, பாதி.

காலில் ஏதோ பட்டது. வெதுவெதுப்பாக. அவள் குனிந்து பார்த்தாள். கதவுக்கு அடியிலிருந்து, படத்தில் பார்த்த அதே சாம்பல் நிறத்தில் ஒரு கெட்டியான குழம்பு, அவசரமே இல்லாமல், கூடத்துத் தரையில் பரவிக்கொண்டிருந்தது. கால்விரல்களுக்கு இடையில் புகுந்து, ஓரங்களில் ஏற்கெனவே இறுகத் தொடங்கியிருந்தது.

அவள் கதவை முஷ்டியால் குத்தினாள். பலகையில் குத்தும் சத்தம் வரவில்லை. பின்னால் எவ்வளவோ ஆழம் வரை கெட்டியாக நிரம்பிவிட்ட ஒரு சுவரில் குத்துவது போல இருந்தது.